நாலு விரல் ஆழம்

தொட்டியின் மூடியைக் கிரேன் தூக்கியதும் ஆவி குபீரென்று எழும்பிக் கொட்டகையின் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. இரண்டு நாள் கொதிநீரில் கிடந்த பன்னிரண்டு மரத்தடிகளும் கறுத்து, நீர் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வாசலோரம் நின்றிருந்த அவள் ஒவ்வொரு தடியின் வெட்டுமுகத்தையும் உற்றுப் பார்த்தாள். திங்கட்கிழமை அவள் போட்ட வெள்ளைச் சாக்பீஸ் குறி ஒன்றில்கூட இல்லை. இருக்காது என்று தெரியும்; எட்டு வருஷமாக அந்த வெந்நீர் அவள் குறிகளைக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறது. தெரிந்தும் பார்த்தாள். பொருளைத் தொலைத்தவர்கள் ஏற்கெனவே தேடிய இடத்திலேயே மறுபடி மறுபடி தேடுவார்களே, அந்தப் புத்திதான்.

பிளைவுட் ஆலையில் அவள் வேலை இது. லாரியில் வந்து இறங்கும் தடிகள் தொட்டிக்குப் போகும் முன், நீளக் கைப்பிடியின் நுனியில் வட்டத் தகடு வைத்த டிடெக்டரால் ஒரு பக்கம் முழுக்கத் தடவ வேண்டும்; பிறகு தடியைப் புரட்டச் சொல்லி மறுபக்கமும் தடவ வேண்டும். உள்ளே ஆணியோ கம்பியோ இருந்தால் கருவி கீச்சென்று கத்தும். உளியால் தோண்டி எடுத்துவிடுவார்கள். கத்தாத தடிக்குச் சாக்பீஸால் பெருக்கல் குறி. அவளை எல்லோரும் மோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள் உட்பட. வெந்து இளகிய தடி கடைசியில் போய்ச் சேரும் இடம் பெரிய லேத். இரண்டு முனையிலும் இரும்பு நகங்கள் கவ்விச் சுழற்ற, ஆள் உயரத்தைவிட நீளமான கத்தி ஒன்று அதைத் தோல் உரிப்பதுபோல உரிக்கும். சுருட்டி வைத்த பாயைப் பிரிப்பதுபோல மரம் வினீர் என்கிற மெல்லிய ஷீட்டாகப் பிரிந்து மேசையில் வந்து விழும். அந்தக் கத்திக்கு எதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்கிற லேத்காரர் அவள் புருஷன்.

கத்தி இரும்பில் பட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற லாரிகளை எழுதுகிறவர், டிடெக்டர் வாங்குவதற்கு முன்னால் அந்த லேத்தை ஓட்டியவர்தான். கத்தியிலிருந்து தெறித்த சில்லு நகக்கண் அளவுகூட இல்லையாம். ஒரு கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன், இன்னொன்று டூட்டி பார்க்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்கள்தான் எந்தக் கண்ணைப் பார்த்துச் சிரிப்பதென்று தெரியாமல் நிற்பார்கள்.

அவளும் லேத்காரரும் பேசிக்கொண்டு பத்து நாளாகியிருந்தது. நாத்தனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, புதிதாகச் சம்பந்தம் ஆனவர்களில் யாரோ ஒருவர், அண்ணி ஆலையில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன்னால் புருஷன் முந்திக்கொண்டார். "பெரிய வேலைங்க. ஒரு குச்சிய வச்சுக்கிட்டு மரத்த தடவிக்குடுப்பா." கூடம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் வாயைப் பூட்டிச் சாவியை எங்கோ வீசிவிட்டாள். அவர் மட்டும் இறங்கி வருகிற ஆளா? அன்றிலிருந்து மகள்தான் தபால்காரி. உங்கப்பாகிட்ட சொல்லு, உங்கம்மாகிட்ட கேளு என்று ஒரே அறைக்குள் தபால் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டு தடிகளில் மூன்றில் ஆணி அகப்பட்டது, எடுத்தாயிற்று. ஒன்றை ஒரு பக்கம் தடவி முடித்திருந்தபோது போன் அடித்தது. நாத்தனார். அண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம், நீங்கள்தான் பொறுத்துப் போக வேண்டும் என்று அவள் ஆரம்பிக்க, இவள் இரைச்சலுக்குத் தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்று, பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். திரும்பி வந்தபோது தரையில் ஒரு தடியும் இல்லை. கிரேன்காரர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. குறி இருக்கிற தடியைத் தூக்குவது அவர் வேலை. குறி இருந்தது. முதல் பக்கம் முடிந்ததுமே குறி போட்டுவிடுவது அவளே பழக்கிக்கொண்ட பழக்கம். இரண்டு முறை குனிய வேண்டாமே என்று. எட்டு வருஷத்தில் அதனால் எதுவும் கெட்டுப்போனதில்லை.

அப்போதே சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தால் தொட்டியைத் திறந்து எடுத்திருக்கலாம். சொன்னால் அடுத்த நிமிஷம் லேத்துக்குச் சேதி போகும். குச்சியைப் பிடிக்கக்கூடத் துப்பில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பார்வை போதும். ஒரு பக்கம் சுத்தமாகத்தானே இருந்தது, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அடுத்த லோடு கொண்டுவந்த லாரி டிரைவர் அந்தத் தட்டலை ஒரே பேச்சில் நிறுத்திவிட்டார். இந்த மரமெல்லாம் ஏதோ விளையாட்டு மைதானத்து ஓரத்தில் வரிசையாக நின்றதாம். கம்பத்துக்குப் பதிலாக மரத்திலேயே ஆணி அடித்து வேலிக்கம்பி இழுத்திருந்தார்களாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம், கவலைப்படாதீர்கள் என்றார். அதுவரை பாதிதான் கவலைப்பட்டிருந்தாள். வேலி என்றால் மரத்தின் ஒரு பக்கம்தானே? அகப்பட்ட ஆணிகள் மூன்று தடியிலும் ஒரே பக்கமாக வரிசை பிடித்து இருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் ஆணி மறுபக்கத்தில்தான் இருக்கும். ராத்திரி சோறு இறங்கவில்லை.

காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்லு உங்கப்பாவை என்றாள் மகளிடம். ஆவியில் கண்ணாடி மூடிக்கொள்ளும், உங்கம்மாவுக்கு இத்தனை வருஷத்தில் இது தெரியாதா என்று பதில் தபால் வந்தது. மகள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.

இதோ இப்போது தடிகள் வரிசையில் கிடக்கின்றன. உளி தோண்டிய தழும்பு இருந்த மூன்றையும் முதலில் ஏற்றினார்கள், அவற்றில் பயமில்லை. மிச்சம் ஒன்பது. ஒன்பதில் எது என்று அவளை வெட்டிப் போட்டாலும் சொல்லத் தெரியாது. தடி இறக்குகிற யார்டில் வேலை கிடக்க, துடைக்கிற துணி வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே சுற்றினாள். ஒன்று ஏறியது. லேத் உறுமியது. பட்டைச் சிதறல் போனதும் முழு ஷீட்டாக வர ஆரம்பித்தது. அவர் ஒரு கையை லீவரில் வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கத்தி வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லை. அந்தத் தடி நல்லபடியாக மெலிந்து நடுத்தண்டாகி விழுந்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த தடியைப் பார்த்ததும் மறுபடி நின்றது. ஒன்பதில் ஒன்று இப்போது எட்டில் ஒன்று. பிறகு ஏழில். நல்லபடியாகப் போன ஒவ்வொரு தடியும் தன் பங்கு ஆபத்தை அடுத்ததன் தலையில் கட்டிவிட்டுப் போவதுபோல் இருந்தது. ஆறில் ஒன்று. ஐந்தில் ஒன்று.

ஐந்தாவது தடி பாதி உரிந்திருந்தபோது கத்தியின் சத்தம் கொஞ்சம் மாறியது. மரத்தில் கணு வந்தால் அப்படித்தான் மாறும். அது கணுதான் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அதற்குள் கை போய்விட்டது. தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். லேத் இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது. பாதி ஷீட் கிழிந்து மேசையிலிருந்து தொங்கியது.

யார் நிறுத்தினது என்று கேட்டுக்கொண்டே சூப்பர்வைசர் ஓடி வந்தார். எதிரே, துணியில் கையைத் துடைத்தபடி வந்து நின்ற புருஷன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு தடியில ஒரு பக்கம் பாக்காம விட்டுட்டேன். திங்கக்கிழமையே தெரியும்."

பத்து நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"எது?"

"தெரியல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் எதிர்பார்த்துப் பயந்திருந்த பார்வை அது இல்லை. என்ன பார்வை என்று அவளுக்குப் பிடிபடவும் இல்லை. சூப்பர்வைசர் அதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். நாலு தடி ஒன்றும் ஆகாமல் போயிருக்கிறது, அந்த ஒன்று அதிலேயே போயிருக்கும், இதைக் கழற்றி மறுபடி மாட்டினால் மையம் விலகும், நல்ல மரம் வீணாகும், மத்தியானம் லாரி வந்து நிற்கும், ஓட்டுங்கள் என்றார். லேத்காரர் லீவர் பக்கம் போகவில்லை.

"கழட்டுங்க," என்றார்.

யார்டில் ஐந்தையும் வரிசையாகப் போட்டார்கள். புரட்டுகிற ஆளை விலக்கிவிட்டு அவரே கடப்பாரையைப் போட்டுப் புரட்டினார். சூடு இன்னும் அடங்காத மரம். ஆவி அவள் முகத்தில் அடித்தது. முதல் தடி, இரண்டு பக்கமும், சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஒன்றுமில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் இருமலுக்கு நடுவில் சிரித்தது கேட்டது. பாதி உரிந்த தடியைத் தடவும்போது, ஒரே ஒரு ஆணியாவது இருந்துவிட்டால் தேவலை என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டிய அடுத்த நொடியே தான் கேட்டது என்னவென்று உறைத்தது. புருஷன் நிற்கிற இடத்துக்கு நேராக ஆணி வேண்டும் என்று கேட்கிற பெண்டாட்டி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கருவி அவள் வேண்டுதலையும் கேட்கவில்லை. அதிலும் சத்தமில்லை.

சூப்பர்வைசர் அதிகம் பேசவில்லை. இனி ஒரு தடவை அந்தப் பொத்தானைத் தொட்டால் நாளைக்கு வர வேண்டாம், ரெண்டு பேரும்தான் என்றார். சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போன் போட நடந்தார். ஆட்கள் கலைந்தார்கள். கிரேனுக்குக் காத்துக்கொண்டு, பாதி உரிந்த தடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளும் மட்டும் நின்றார்கள்.

"அது எவ்வளவு ஆழம் பாக்கும்?" என்று கேட்டார். கண்ணால் டிடெக்டரைக் காட்டினார்.

எட்டு வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று அது; முக்கியமாக இவரிடம். கருவியை விற்க வந்த ஆள் முதல் நாளே சொல்லியிருந்தான். மேலாக இருக்கிறதைத்தான் இது பார்க்கும், மரம் வளர்ந்து உள்ளுக்குள் மூடிக்கொண்ட பழைய ஆணி கடவுளுக்கே வெளிச்சம் என்று. அது தெரிந்தால் இவர் கை நடுங்கும், கை நடுங்கினால் கத்திக்கு முன்னால் நிற்க முடியாது என்று அவளே முடிவு செய்து, தன்னோடு வைத்துக்கொண்டாள்.

"நாலு விரல்," என்றாள்.

"தெரியும். அந்தப் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு. அன்னைக்கே படிச்சேன்."

"பின்ன ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ யார்டுல நின்னுக்கிட்டு பயந்து சாவ." தடியின் ஈர முதுகை உள்ளங்கையால் ஒரு தடவை வழித்துவிட்டார். "ஒருத்தர் பயப்படுறது போதாதா?"

நாத்தனார் வீட்டுப் பேச்சைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இவருக்குத் தெரியாது என்று அவளும் அவளுக்குத் தெரியாது என்று இவரும் எப்படித் தூங்கினோம் என்பதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. கிரேன் சங்கிலி தலைக்கு மேல் வந்து ஆடியது.

தடியை மறுபடி மாட்டினார்கள். சூப்பர்வைசர் சொன்னது சரிதான். மையம் கொஞ்சம் விலகியிருந்தது. முதல் சில சுற்று துண்டு துண்டாக விழுந்து, பிறகு ஷீட் ஒழுங்காக வந்தது. யார்டுக்குப் போ என்று அவளை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். தூணருகே போய் நின்றுகொண்டாள். கதவருகே சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தடியைப் பார்த்தாள். ஒரு விரல் தடிமன் உரிந்து போயிற்று. இரண்டு விரல். இவ்வளவு தூரம் அவள் தடவிப் பார்த்தது, அவள் பொறுப்பு. மூன்று. இனி உள்ளே இருப்பதற்கு அவளும் சாட்சி இல்லை, கருவியும் சாட்சி இல்லை.

நாலாவது விரலும் முடிகிற இடத்தில் லேத்காரர், லீவரிலிருந்து கையை எடுக்காமலே, அரை அடி பின்னுக்கு நகர்ந்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். யாருக்கும் தெரியாத அளவு சின்ன நகர்வு. எட்டு வருஷமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்; நாலு விரலோடு சேர்த்துப் பார்த்தது இன்றுதான். நின்று நின்று இடுப்பு பிடித்துக்கொள்கிறது, பாவம், என்று நினைத்து எத்தனையோ ராத்திரி தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள். அவரும் திரும்பிப் படுத்துக்கொண்டு, வலிக்கிற இடத்தைக்கூடக் காட்டியிருக்கிறார்.

அவள் விரல்கள் தூணில் மேலே ஏறிச் சிவப்புப் பொத்தானின் விளிம்பைத் தொட்டு நின்றன. தொடை அளவுக்கு மெலிந்துவிட்ட தடி, வெளுத்து ஈரம் மின்ன, இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.