மீட்டர்காரரின் கறுப்புப் புகை

அனல் மின் நிலையத்தின் இரண்டாவது புகைபோக்கி, மீட்டர்காரர் பொய் சொன்னால் மட்டும் கறுப்பாகப் புகை விட்டது. மற்ற நேரங்களில் வெள்ளையாகத்தான் விட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் புகைபோக்கியின் மேல் அபாண்டம் சுமத்தியதாகிவிடும். தவறு மீட்டர்காரருடையது. புகையில் எவ்வளவு அழுக்கு என்று அளக்கும் மீட்டருக்கு, சுத்தம் என்றால் என்ன என்று அவ்வப்போது நினைவுபடுத்த வேண்டும். அதற்கென்று சிலிண்டரில் அடைத்த சுத்தமான காற்று உண்டு. அதைக் காட்டி, இதுதான் பூஜ்யம் என்று ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அன்றைக்கு சிலிண்டர் காலி. இன்னொன்று வேண்டுமானால் புகைபோக்கியின் பாதி உயரத்திலிருந்து இறங்கி மறுபடி ஏற வேண்டும். மீட்டர்காரருக்கு முட்டிவலி. நாலு பக்கமும் பார்த்துவிட்டு, குழாயை வாயில் வைத்துத் தன் மூச்சையே ஊதிப் பொத்தானை அழுத்தினார். மீட்டர் நம்பிவிட்டது. அன்று முதல் அவர் மூச்சுதான் சுத்தத்துக்கு அளவுகோல். அதில் பொய் கலந்தால் புகையில் தெரிந்தது. பிறகு புது சிலிண்டர் கொண்டுவந்து காட்டியபோது, அந்தக் காற்றைத்தான் அழுக்கு என்றது.

இதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி. அவளுக்கும் அங்கேதான் வேலை, கசிவு பார்ப்பது. வாளியில் சோப்புத் தண்ணீரும் கையில் பிரஷ்ஷுமாக எரிவாயுக் குழாய்களின் இணைப்புகளில் நுரை பூசிக்கொண்டே போவாள். குமிழி எழும்பினால் அங்கே கசிவு. எல்லோரும் கரியை மாற்றுவதும் வடிகட்டியை மாற்றுவதுமாக இருந்தபோது, புகை கறுத்த ஒவ்வொரு தடவையும் தன் புருஷன் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள். சந்தேகமான இணைப்பில் நுரை பூசிப் பார்ப்பதுதானே அவள் தொழில். அவரை மின் நிலைய முற்றத்தில் நிறுத்தி, "முடி வெட்டிக்கிட்டேனே, எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"அம்சமா இருக்கு" என்றார். வானம் கறுத்தது. விஷயம் விளங்கிவிட்டது, ஆனால் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

அதன் பிறகு மின் நிலையத்தில் மீட்டர்காரரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. குழந்தையின் புகைப்படத்தைக் காட்டி, அழகா இருக்குல்ல என்று கேட்பதற்குத் தடை. கேன்டீன்காரர் காபி எப்படி என்று வாயெடுத்தால் பக்கத்தில் இருப்பவர் அவர் காலை மிதித்தார். கழுத்தறுக்கும் குரலில் பாடுகிற சூப்பரிண்டெண்ட், மீட்டர்காரர் இருக்கும் இடத்தில் பாடுவதையே விட்டார். இது மட்டும் எல்லோருக்கும் லாபம். பொய்யில்லாமல் ஒரு பகலை ஓட்டுவது மலையைப் புரட்டுகிற வேலை. மனுஷன் இளைத்துப்போனார். இப்படியே பல வருஷம் ஓடியது.

பிறகு மனைவிக்கு உத்தரவு வந்தது. பேருந்தில் அரை நாள் தூரத்தில் ஒரு பெரிய மின் நிலையம், கசிவுப் பிரிவுக்கே தலைவி. அவள் இத்தனை காலம் காத்திருந்த பதவி. அவர் தவித்தால் போகமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சு வந்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கிளம்புகிற நாளன்று காலையில், போதாத வேளை, புகையைச் சோதிக்கிற அதிகாரி முற்றத்தில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பெட்டியோடு வந்த மனைவி புருஷனைப் பிடித்துவிட்டாள்.

"நான் போனா சமாளிச்சுப்பீங்களா?"

"எனக்கென்ன? ராஜா மாதிரி இருப்பேன்."

எழுந்த கறுப்பில் பகல் இருண்டு, பறவைகள் கூட்டுக்குத் திரும்பின. மத்தியானத்துக்குள் வெளுக்காவிட்டால் பாய்லரை அணைத்துவிட வேண்டியதுதான் என்றார் அதிகாரி. சூப்பரிண்டெண்ட் ஓடிவந்து, "யோவ், உண்மையச் சொல்லித் தொலைய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் போகல."

மீட்டர்காரர் ஒரு தடவை புகையை அண்ணாந்து பார்த்தார். "நீ போறது எனக்குப் புடிக்கல. சாயங்காலம் அந்த வீட்டுக்குத் தனியா எப்படிப் போவேன்னு பயமா இருக்கு" என்றார். புகை சாம்பல் நிறமாயிற்று. "ஆனா என்னால நீ நின்னுட்டா, அது அதவிடக் கஷ்டம். அங்க எத்தன குழாய் கசியுதோ. போ."

புகை பாலாக வெளுத்தது. அதிகாரி திருப்தியாகக் கிளம்பினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோப்பு வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள்.

தினமும் சாயங்காலம் அவரோடு தொலைபேசியில் பேசுகிறாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், பெரும்பாலும் "ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன்" என்பது போன்ற உண்மைகளைத்தான் சொல்வார். சில நாள் மட்டும், "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். உடனே அவளுடைய குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், வானத்தின் விளிம்பில் ஒரு கறுப்புக் கீற்று ஏறுவது தெரியும். முதல் தடவை பக்கத்து வீட்டுப் பெண்கள் மழை வருகிறதென்று கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"மழையில்ல, அது எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள், வெள்ளிக்கிழமைப் பேருந்துக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பியபடியே. அப்படியா என்று அவர்கள் துணிகளை மறுபடியும் கொடியில் போட்டார்கள்.