பதில் தெரியாத கேள்வி மட்டும்

1

"அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வரலியா?"

"அது வராது உம்மா."

இந்தக் கதை இந்த இரண்டு வரிகளில் பிறந்தது. முதல் வரி என் உம்மா சுபைதாவுடையது, இரண்டாவது என்னுடையது. 1985, 86 ஆகிய இரண்டு வருஷமும், பள்ளிக்கூடம் நடந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும், மலேசியாவின் கோலசிலாங்கூரில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் மாடிப்படியில் இந்தப் பேச்சு நடந்தது. உம்மா மேல்படியில் நிற்பார். நான் கீழே செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பேன். விடுமுறைகளைக் கழித்தால் எண்பது தடவை இருக்கும்.

எண்பது தடவையும் பொய் சொன்னேன் என்று எழுதலாமா? (கூடாது. பொய் சொல்கிறவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.)

'அந்தப் புள்ள' என்பது கங்கா. அசாம் ஜாவா என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவள். ஆசிரியர் குடியிருப்பில் எனக்குப் பக்கத்து அறை. அப்பா அம்மா இல்லை. ராசா என்ற ஊரில் அண்ணன் வீடு இருந்தது. தீபாவளிக்கு மட்டும் போவாள். வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட, அந்த நீளமான பலகைக் கட்டடத்தில் திங்கட்கிழமை காலை வரைக்கும் அவள் ஒருத்திதான்.

2

நான் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். என் கதைகளில் முதல் பத்தியில் தனியாக இருக்கிற பெண் கடைசிப் பத்தியில் தனியாக இருக்கமாட்டாள். அந்தப் பழக்கத்தில் இதையும் இப்படித்தான் தொடங்கினேன்:

செம்பனை மட்டைகளின் நிழல் விழுந்த செம்மண் சாலையில் கங்கா தனியே நடந்து வந்தாள். அவள் விழிகளில் சொல்ல முடியாத ஒரு—

நிறுத்திவிட்டேன். கங்கா இதைப் படித்தால், "விழியில என்னா இருந்திச்சின்னு கிட்ட வந்து பார்த்தியா?" என்பாள்.

இன்னொரு தொடக்கம்:

தனிமை என்பது—

இது கட்டுரை ஆகிவிடும். வேண்டாம். வகுப்பறைக்குப் போவோம். கங்காவை எனக்குச் சரியாகத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

3

புதிய பாடத்திட்டம் நான்காம் ஆண்டு வரைக்கும் வந்து சேர்ந்திருந்த சமயம். எங்களை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மாணவர்களைக் குழுவாக உட்கார வையுங்கள், அவர்களே தேடட்டும், அவர்களே பேசட்டும் என்றார்கள். நாங்கள் திரும்பி வந்து மேசைகளை வட்டமாகப் போட்டோம். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனதும் பழையபடி வரிசையாகத் திருப்பிப் போட்டோம்.*

கங்கா திருப்பிப் போடவில்லை.

கரும்பலகையின் மேல் மூலையில் ஒரு வரி எழுதி அதை வருஷம் முழுக்க அழிக்காமல் வைத்திருந்தாள்: பதில் தெரியாத கேள்வி மட்டும். வாத்தியார்கள் கேட்கிற கேள்வி எல்லாம் அவர்களுக்கே பதில் தெரிந்த கேள்வி. அதற்குப் பிள்ளைகள் சொல்வது பேச்சு இல்லை, ஒப்பிப்பு என்பது அவள் கட்சி. அவள் வகுப்பில் திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி தயாரிக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யாரிடமாவது போய்க் கேட்கும். வந்து வகுப்பில் சொல்லும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி போடுவார்கள். சொல் தெரியாமல் தடுமாறினால் கங்கா எடுத்துக் கொடுக்கமாட்டாள். "யாருக்குத் தெரியும்னு தேடு" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வெள்ளிக்கிழமைதான் எழுத்து வேலை. அதற்குள் எழுத ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும்.

* என்னையும் சேர்த்துத்தான். என் வகுப்பு மேசைகள் அந்த வருஷம் நான்கு தடவை வட்டமாயின.

4

அண்ணம்மா என்று ஒரு சிறுமி. அவள் கேள்வி: 'அப்பாவுக்குப் பிடித்த சாப்பாடு எது?' மறுநாளே எழுந்து நின்று, "எங்கப்பாவுக்குக் கெம்போங் மீன் கறி" என்றாள்.

"எப்பக் கேட்ட?" என்றான் சேது. வகுப்பிலேயே பெரிய வக்கீல் அவன்தான்.

"கேக்கல. தெனமும் திங்கிறாரே."

"அப்ப செல்லாது!"

"திங்கிறதும் புடிக்கிறதும் ஒண்ணா?" என்றாள் கங்கா, யாரையும் பார்க்காமல். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பக்கத்து வகுப்பில் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

அன்று மாலை அண்ணம்மா போய்க் கேட்டாள். அவள் அப்பா வீரன், செம்பனைக் குலை வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். மகள் பென்சிலோடு எதிரில் உட்கார்ந்து கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார்: "எனக்கு மீனே புடிக்காதும்மா. ஒங்கம்மா ஆசையா ஆக்குறா. திங்கிறேன்."

அதை மகள் நோட்டில் எழுதி, அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தும் பார்த்துவிட்டாள்.

மறுநாள் அண்ணம்மாவின் அம்மா இராஜம்மா பள்ளிக்கூட வாசலில். "டீச்சர்! பன்னெண்டு வருசமா ஆக்கிப் போட்டேன். ஒரு நாளு வாயத் தொறந்தாரா? ஒங்க பாடத்துக்குத் தொறக்குறாரு!"

"நீங்க கேட்டீங்களாக்கா?"

"என்னாத்தக் கேக்குறது? தட்டு காலியாவுது, அப்பறம் என்னா கேள்வி லா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குரல் இறங்கியது. "சரி. என்னாதான் புடிக்குமாம்? அதையும் கேட்டு எழுதச் சொல்லுங்க."

"அத நீங்களே கேளுங்கக்கா. அவ வீட்டுப்பாடம் முடிஞ்சிருச்சி."

தலைமையாசிரியர் கார்த்திகேசு கங்காவைக் கூப்பிட்டார். "டீச்சர், பரீட்சையில மீன் கறியப் பத்தியா கேக்கப் போறான்?"

"தெரியாது சார். எதக் கேப்பான்னு தெரியாமத்தான எல்லாத்தையும் கேக்கப் பழக்குறேன்."

அவர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

5

இந்தக் கதையை மீனோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். வாசகர்கள் சிரிப்பார்கள், பத்திரிகையில் ஒரு படமும் போடுவார்கள். ஆனால் அடுத்த வாரம் சேது தன் கேள்வியை கங்காவிடமே கேட்டான்.

"டீச்சர், ஞாயித்துக்கிழம நீங்க யார்கூடப் பேசுவீங்க?"

நான் வெளியே நடையில் நின்றிருந்தேன். பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வி.

"பூனகூட" என்றாள் கங்கா.

"ஒங்ககிட்ட பூன இல்லியே டீச்சர்!"

எல்லாரும் சிரித்தார்கள். கங்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள். பலகையில் அந்த மேல்மூலை வரியைத் தவிர வேறு எழுத்தே இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் மதியம் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். உம்மா கேட்டார். "அது வராது உம்மா" என்றேன்.

6

[இந்தப் பகுதியை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.]

தோட்டத்துக் கிராணி உமாபதி சைக்கிளில் வந்து கங்காவின் வாசலில் நின்றார். அவர் கையில் ஒரு குட்டிப் பூனை—

உமாபதி உண்மையான ஆள்தான். அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், நல்லவர். அவரைக் கங்காவுக்குக் கட்டிவைக்க ஆறு பக்கம் எழுதினேன். அவளுடைய தனிமைக்கு ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம். அவள் காத்திருந்தது ஒருவேளை எனக்காகத்தான் என்று எழுத வேண்டி வராது.

கிழித்துவிட்டேன். உமாபதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பூனையிடமும்.

7

ஏன் நான் கேட்கவில்லை? ஒரு காரணம் வைத்திருந்தேன். எங்கள் வீடு கடைக்கு மேலே. கீழே காலையிலிருந்து மாட்டுக்கறி கொதிக்கும். அந்த வாசனை மாடியில் தலையணை வரைக்கும் இருக்கும். கங்கா வெள்ளிக்கிழமை சைவம். கூப்பிட்டால் வரமுடியாமல் சங்கடப்படுவாள். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது.

பெருந்தன்மையான காரணம். எழுதிப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது. வெள்ளிக்கிழமை மதியம் அவள் தயிர்ச்சோறு சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். விரதமா, வேறு சமைக்க அலுப்பா என்று கேட்டதே இல்லை. தட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிட்டேன், முதலில் அண்ணம்மா சொன்னதைப் போல.

ஒவ்வொரு வெள்ளியும் கங்கா என் பையைத் தூக்கிக்கொண்டு சாலை முனை வரை வருவாள். பஸ் வரும்வரை நிற்பாள். நான் ஏறியதும் சன்னல் வழியாகப் பையைக் கொடுப்பாள். "உம்மாவ விசாரிச்சேன்னு சொல்லு" என்பாள். ஒரு தடவைகூடப் பார்த்திராத உம்மாவை.

கடைசி வெள்ளிக்கிழமையை நான் இப்படி எழுதியிருந்தேன்: பஸ் வந்தது. நான் ஏறவில்லை. "நீயும் வா" என்றேன். அவள் கண் கலங்க—

அப்படி நடக்கவில்லை. 86ஆம் ஆண்டு நவம்பர். அவளுக்குக் கலும்பாங்குக்கு மாற்றல், எனக்குக் கல்யாணம். பஸ் வந்தது. நான் ஏறினேன். அவள் பையைக் கொடுத்தாள். "உம்மாவ விசாரிச்சேன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றேன். சொன்னேன். அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

8

இப்போது 1988. நான் ராவாங்கில் இருக்கிறேன். வேலையை விட்டாயிற்று. போன மாதம் உம்மாவுக்கு அலமாரி ஒழித்துக்கொடுக்கப் போனபோது மேல்தட்டில் துணி சுற்றி ஒரு சட்டி இருந்தது. அலுமினியச் சட்டி, மூடியோடு. கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்கவில்லை.

"இது என்னா உம்மா? புதுசு?"

"அந்தப் புள்ள வந்தா ஆக்கிக் குடுக்கலாம்னு வாங்குனது. நம்ம சட்டியெல்லாம் கறி பட்டது. அதுக்குன்னு தனியா இருக்கட்டுமேன்னு."

"எப்ப வாங்குனீங்க?"

"நீ மொதல்ல அது பேரச் சொன்ன வாரம்."

கதையின் உண்மையான ஆரம்பம் இதுதான். முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வர எட்டாம் பகுதி ஆகிவிட்டது.

9

என் கணவர் நூருல் அமீன் கேட்டார்: "கடுதாசி போட்டா போதாதா?" போதாது. கடிதத்தில் கேட்டால் நல்ல வார்த்தைகளாகத் தேடுவேன். அது எனக்குத் தொழில்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ராவாங்கில் பஸ் ஏறினேன். ராசாவைத் தாண்டும்போது அவள் அண்ணன் வீடு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அதையும் நான் கேட்டதில்லை. கலும்பாங்கில் இறங்கி விசாரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். கையில், உம்மாவிடம் வாங்கி வந்த அந்தச் சட்டி. மேசைகள் வட்டமாகக் கிடந்த வகுப்பைத் தேடினேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கங்கா இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுண்ணக்கட்டி பிடித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"சுல்தானா டீச்சர். என் தோழி" என்றாள் அவர்களிடம். என்னிடம், "என்னா திடீர்னு? சரி, இங்க யாரு வந்தாலும் ஒரு கேள்வி கேக்கணும். சட்டம் ஒனக்குத் தெரியும்" என்றாள்.

"பதில் தெரிஞ்ச கேள்வி கேட்டா வெளிய அனுப்பிடுவோம்!" என்றாள் முன்னால் இருந்த ஒரு குட்டி.

கரும்பலகையின் மேல்மூலையில் அதே வரி.

கங்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், எடுத்துக் கொடுக்காமல், பழையபடி. அவள் பார்வை என் முகத்திலிருந்து சட்டிக்குப் போனது, காகிதத்தில் நின்றது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் எழுதமாட்டேன். என்னுடைய வேறு கதைகளைப் படித்தவர்களுக்கு இப்போதே ஒரு பதில் தோன்றியிருக்கும். தயவுசெய்து அதை எழுதிவிடாதீர்கள். இரண்டு வருஷம் பக்கத்து அறையில் இருந்தவளுக்காக நானே பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன், எண்பது தடவை.

முப்பது பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள். உண்மையாகவே எனக்குப் பதில் தெரியவில்லை.

"கங்கா, இன்னிக்குச் சாயந்திரம் என்கூட எங்க உம்மா வீட்டுக்கு வர்றியா?"