கத்பர்ட் கொடுத்த குதிரை எரு

பதினெட்டு நாட்கள் ஹில்டா பொறுத்தாள். சமையலறை ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள், இரண்டிலும் கடையில் வாங்கிய பீன்ஸ் விதைகள் மும்மூன்று. ஒன்றில் இலைகள் மக்கிய வெறும் இலைமக்கு. மற்றதில் அதே இலைமக்கோடு, பக்கத்து வீட்டு கத்பர்ட் மார்ச்சில் கொடுத்த குதிரை எரு. இரண்டு வருடம் மக்கியது, வாடையே இல்லை. ஆறு தள்ளுவண்டி நிறைய அவரே தள்ளிவந்து கொட்டினார். பதிலுக்கு இஞ்சி கேக் சுட்டுக் கொடுத்தாள்.

முதல் தொட்டியில் இலைகள் விரிந்திருந்தன. எரு கலந்ததில் எல்லாம் கிண்ணம்போல் சுருண்டு கிடந்தன.

தோட்டத்திலும் இதே கதிதான். ஆனால் அங்கே ஊன்றியது அம்மா காலத்திலிருந்து எடுத்துவைத்த கொடி பீன்ஸ். போன வருட மழையில் காய்கள் அழுகி, மிஞ்சியது நாற்பது விதை. நாற்பதையும் அந்த எருவை நம்பி ஊன்றிவிட்டாள்.

தொட்டிகளோடு வேலியருகே போனாள். கத்பர்ட் நூலை வைத்து, வெங்காயத்தாள்போல் தடித்து வளரும் லீக்ஸ் தண்டின் சுற்றளவு பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பரில் தோட்டக்காரர் கிளப்பில் பருத்த லீக்ஸுக்குப் போட்டி.

"பனி அடிச்சிருக்கும்," என்றார்.

"ஜன்னலுக்கு உள்ளயா?"

"அப்ப தண்ணி அதிகமா ஊத்திருப்ப. உனக்குக் கை தாராளமாச்சே."

"ரெண்டுக்கும் ஒரே குவளைதான்."

அவர் மறுபடி நூலைப் பிடித்தார். ஹில்டா அவருடைய தோட்டத்தைப் பார்த்தாள். புல்வெளிக்கு அடிக்கும் களைக்கொல்லி, அந்தப் புல்லைத் தின்ற குதிரையின் வயிற்றைத் தாண்டி எருவிலும் தங்கும் என்று அவள் படித்திருந்தாள். பீன்ஸ், தக்காளி, உருளை எல்லாவற்றையும் முறுக்கிவிடும். லீக்ஸை ஒன்றும் செய்யாது. இங்கே வேலி முதல் வேலிவரை லீக்ஸ்தான்.

"இந்த வருசம் உருளைக்கிழங்கு போடலையா, கத்பர்ட்?"

"முதுகு வலி."

"லீக்ஸுக்குக் குனிஞ்சா வலிக்காதாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அந்த எருக்குவியல் இருந்த இடம் எனக்கு லீக்ஸுக்கு வேண்டியிருந்துச்சு," என்றார். "வண்டி வச்சு அள்ளிட்டுப் போக யாரும் வரல."

"நான் அதைக் கேக்கல. அந்த நாப்பதும் அம்மாவோட விதை. உனக்குத் தெரியும்."

அவர் அவளைப் பார்க்காமல் தொட்டியிலிருந்த சுருண்ட இலையைப் பார்த்துச் சொன்னார்.

"போன ஜூன்லயே என் உருளை எல்லாம் இப்படித்தான் சுருண்டுச்சு, ஹில்டா. எருதான் காரணம்னு தெரிஞ்சுதான் உனக்குக் குடுத்தேன்."