பக்கத்து இருக்கையில் ஒரு பை

1

இந்தக் கதை ஒரு காலிலிருந்து பிறந்தது. போன கோடையில் வடக்குத் தீவுகளுக்குப் போகும் படகில் எனக்கு எதிரே ஒரு கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். படகு கரையை நெருங்கும்போதெல்லாம் கணவருடைய வலது கால் தரையை அழுத்தியது. "விடுங்க, அவங்களே நிறுத்திப்பாங்க," என்றாள் மனைவி. நான் பார்த்தது அவ்வளவுதான். அவர் பேருந்து ஓட்டுநர் என்று நானே முடிவு கட்டினேன். அவள் மடியில் வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு பை இருந்ததால் அவளைத் தையல்காரி ஆக்கினேன். இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, கடைசியில் ஓர் இடம் தவிர.

2

முதல் தொடக்கம்: "கோடையின் பொன்னொளியில் தீவுகள் முத்துமாலைபோல..." (அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "அவர் ஒரு முரட்டுக் கணவர். மனைவியை..." (இதுவும் ஒட்டவில்லை. ஊரார் படகுக்கெல்லாம் பிரேக் போடுகிற மனிதரை எப்படி முரடர் என்பது?)

மூன்றாவது: யார் வீட்டுக்குப் போனாலும் ஓட்டுநர் டீ டம்ளரைக் கீழே வைத்ததும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எழுந்துவிடுவார்.

சரி, இதை வைத்துக்கொள்வோம்.

3

முதல் தீவில் அவளுடைய சித்தப்பா. பழைய சண்டை ஒன்றைச் சொல்லி அவர் சிரிக்கத் தொடங்கியபோது, "கிளம்பலாமா?" என்றார் ஓட்டுநர். அடுத்த தீவில் பறவைப் பாறை. அவள் பறவைகளைப் பார்த்தாள். அவர் திரும்பிப் போகும் வழியைப் பார்த்தார். வடக்கே போகப் போகப் பொழுது சாயவே மறுத்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று எல்லோரும் மணலில் கால் நீட்டினார்கள். அவருக்கு வெளிச்சத்தின்மேல் நம்பிக்கை இல்லை, கைக்கடிகாரத்தைத்தான் நம்பினார்.

(வாசகரே, அவர்மேல் கோபப்படாதீர்கள். கொஞ்சம் தாமதித்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை அது. எங்கேயோ யாரோ வெயிலில் காத்து நிற்கிறார்கள் என்றே அவருக்கு எப்போதும் தோன்றும். பக்கத்திலேயே ஒருத்தி காத்திருப்பது மட்டும் தெரியவில்லை, பாவம்.)

4

கடைசித் தீவில் அவளுடைய அக்கா. கணவர் போனபிறகு தனியாக இருக்கிறாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி," என்று கோடைக்குக் கோடை ஆரம்பிப்பாள். "கிளம்பலாமா?" குறுக்கே வந்துவிடும். இந்தமுறையும் வந்தது.

"தம்பி, கொஞ்சம் உக்காருங்க. இன்னிக்காவது கேட்டு முடிச்சுடறேன்," என்றாள் அக்கா. தங்கை பக்கம் திரும்பினாள். "வர்ற குளிர்காலம் முடியற வரைக்கும் என்கூட இருக்கியா? சுவத்தோட பேசிப் பேசிச் சலிச்சுப்போச்சு."

(இங்கே "தையல்காரி பொறுமையாகச் சிரித்தாள்" என்று எழுதியிருந்தேன். அவளே வந்து அடித்துவிட்டாள் போலிருக்கிறது.)

"ஏங்க, எந்த வீட்லயாவது என்னைப் பேசி முடிக்க விட்டிருக்கீங்களா?"

"படகு போயிடும்மா."

"நீங்க போங்க. நான் அக்காவுக்குப் பதில் சொல்லணும்."

"என்னன்னு சொல்லப்போற?"

"இருந்து கேளுங்களேன்."

உட்காரத்தான் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் படகு சங்கு ஊதியது. வழக்கம்போல அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். பாதி வழியில்தான் தான் செய்தது உறைத்தது.

5

முடிவு ஒன்று: கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில் அவள் ஓடிவருகிறாள், அவர் கைநீட்டி... (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: அவர் வீடு திரும்பி, தையல் மிஷின்மேல் உறையைப் போட்டு மூடி... (இதற்குமேல் எழுத மனசு கேட்கவில்லை.)

இனி நிஜமாகவே பார்த்தது. திரும்பும் படகில் அவர் இருந்தார். பக்கத்து இருக்கையில் அந்த ஒட்டுத்துணிப் பை மட்டும் இருந்தது. அவள் கேன்டீனுக்குப் போயிருக்கலாம். இன்னும் கரையில் நடந்து வந்துகொண்டிருக்கலாம். வராமலே இருக்கலாம். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, எழுந்து மேல்தளத்துக்குப் போய்விட்டேன்.

நீங்கள் கேளுங்கள். கூட்டம் ஏறுகிறது, உங்களுக்கு உட்கார இடமில்லை. "இங்க யாராவது வராங்களா?" என்று அந்தப் பையைக் காட்டுங்கள். "ஆள் வராங்க" என்பாரா, பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாரா, அது உங்கள் பாடு.

கேட்பதற்கு முன்னால் ஒருதடவை குனிந்து அவர் காலைப் பாருங்கள். படகு இன்னும் கிளம்பவே இல்லை. அவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.