இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“தேதி போட்டியா?” என்று அக்கா கேட்டாள்.

“போட்டுட்டேன்.”

“மேல, வலது பக்கம்?”

தம்பி தாளைத் தூக்கிக் காட்டினான். அவள் கண்ணைத் திறக்காமலே தலையசைத்தாள். மருத்துவமனையிலிருந்து அனுப்பி ஆறு நாள் ஆகியிருந்தது. இனி வலிக்கு மட்டும் மாத்திரை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு நாளும் அவன் விடுப்பில் இருந்தான். நகரப் பேருந்து ஓட்டுபவன். நாளெல்லாம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து பழகியவனுக்கு இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, குறுக்கே யாரோ ஓடி வந்துவிட்டதுபோல.

“எழுது. ஐயா, உங்கள் புத்தகம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காவிட்டால் இந்தக் கடிதம் எழுத மாட்டேன்.”

எழுதினான். எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தான். திரும்ப வந்து உட்காருவதற்குள் மறுபடி கூட்டினான்.

அக்கா முப்பத்தொரு வருடம் ஆயத்த ஆடை கம்பெனியில் வேலை பார்த்தவள். சட்டையில் பட்டன் நுழைகிற துளை இருக்கிறதே, காஜா, அதைப் போடும் மிஷின் அவளுடையது. காலர் தைப்பவர்களுக்கும் கை தைப்பவர்களுக்கும் இருந்த மரியாதை காஜாவுக்கு இல்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் படிக்க ஆரம்பித்தாள். கம்பெனிக்கு எதிரே மாடியில் ஒரு நூலகம். மழைக்கு ஒதுங்கப் போனவள் சோப்பின் வரலாறு என்று ஒரு மெலிந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள், மழை விட்ட பிறகும் இறங்கவில்லை. அதன்பின் சீப்பு, குடை, நாற்காலி, கண்ணாடி, தலையணை. ராஜாக்களைப் பற்றிய தடிப் புத்தகங்களை நூலகர் சிபாரிசு செய்தபோது, “ராஜா கதை இருக்கட்டும். ராஜா சட்டைக்கு காஜா போட்டது யாருன்னு எதுலயாவது இருந்தா கொடுங்க” என்றாளாம்.

எதைப் பார்த்தாலும் ‘இது எப்பலேர்ந்து?’ என்று கேட்பாள். கம்பெனியில் அவளுக்குப் பெயரே ‘எப்பலேர்ந்து அக்கா’ என்று ஆகிவிட்டது. தம்பிக்கு அவன் கல்யாணப் பந்தியில் பட்ட கூச்சம் இன்னும் மறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, மனிதன் கரண்டி பிடித்த கதையை அவள் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.

“அடுத்து?” என்றான்.

“இருநூத்துப் பன்னெண்டாம் பக்கம். எடுத்துப் படி.”

தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது பட்டனின் வரலாறு. நானூறு பக்கத்துக்கு மேல். அவன் புரட்டிப் படித்தான்: “‘சட்டைகளுக்கான இயந்திரம் முதலில் துணியை வெட்டுகிறது. பின்பு வெட்டின் இரு ஓரங்களையும் தைத்து முடிக்கிறது.’”

“தலைகீழ்” என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லில் பழைய பலம் இருந்தது. “கையால பண்றப்ப வெட்டிட்டுத்தான் தைப்பாங்க. சட்டை மிஷின்ல முதல்ல தையல். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கத்தி. கத்தி முதல்ல விழுந்தா துணி பிரிஞ்சு கையில வந்துரும். எழுதிக்கோ.”

“அக்கா, அந்த ஆள் எங்கயோ ஒரு ஊர்ல பேராசிரியரா இருக்கார். இது தெரிஞ்சு அவருக்கு என்ன ஆகப்போகுது?”

“அவருக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்தாப்ல எடுத்துப் படிக்கிறவ நம்பிடுவா.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “பட்டனுக்கு நானூறு பக்கம். ஓட்டைக்கு ரெண்டு பக்கம். அந்த ரெண்டுலயும் தப்பு.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் விரல் நுனிகள் நேற்றைவிட நீலமாக இருந்தன.

“டாக்டருக்கு ஒரு போன் போடவா?”

“ஒண்ணும் வேணாம். எழுதினியா? நான் முப்பத்தொரு வருடம் காஜா மிஷினில் இருந்தவள்னு போடு. அப்புறம், இன்னொன்று இருக்கிறதுன்னு எழுது.”

“என்ன அது?”

“இரு. யோசிச்சுச் சொல்றேன். அதுதான் முக்கியம்.”

அவன் காத்திருந்தான். குழாய் சொட்டியது. போய் இறுக்கிவிட்டு வந்தான். அக்காவின் மூச்சு ஒவ்வொன்றும் மேலே ஏறி, இறங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது. அந்தத் தயக்கத்தை அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டையை மாட்டினான்.

“உறை இல்ல. வாங்கிட்டு வந்துடறேன்.”

“அலமாரியில ஒண்ணு இருக்குமே” என்றாள் அவன் மனைவி, சமையலறையிலிருந்து.

“அது சின்னது.”

படியில் இறங்கும்போது காலுக்கு உயிர் வந்தது. தெருமுனைக் கடையில் உறை இருந்தது. அதில் கோடு போட்டிருந்தது, கோடு போடாதது வேண்டும் என்று அடுத்த கடைக்கு நடந்தான். அங்கே வாங்கியபின் தபால் நிலையத்தில் தபால்தலைக்காக வரிசையில் நின்றான். முன்னால் ஏழு பேர். அவனுடைய வழித்தடப் பேருந்து கடந்து போனது, ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் கையைத் தூக்கினான். இவனும் தூக்கினான். திரும்பும்போது குறுக்குச் சந்து இருந்தும் பெரிய சாலையைச் சுற்றி வந்தான்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஈரத் துண்டு. அவன் செருப்பைக் கழற்றினான், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தான், கோணலாக இருந்ததைச் சரிசெய்தான்.

“எப்போ?”

“பத்து நிமிஷம் இருக்கும். உங்க போன் கட்டில் மேலயே இருந்துச்சு.”

“ஏதாவது சொன்னாளா?”

“அண்ணி ஒண்ணும் சொல்லலங்க.” துண்டை மடித்தாள். “நீங்க வந்துட்டீங்களான்னு ரெண்டு தடவ கேட்டாங்க.”

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அவன் நாற்காலிகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றினான். வண்டிக்காரரிடம் வழி சொன்னான், அவர் புரிந்தது என்ற பிறகும் சொன்னான். யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர்கள் கையை எடுத்ததும் எழுந்துவிட்டான்.

கம்பெனிப் பெண்கள் மதிய இடைவேளையில் மொத்தமாக வந்தார்கள். அவர்களில் உயரமான ஒருத்தி, அக்காவின் அடுத்த மிஷினில் பத்தொன்பது வருடம் பட்டன் தைத்தவள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் அக்காவின் வலது கையை எடுத்து, ஆள்காட்டி விரலின் காய்ப்பைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள். தம்பி அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுத் தாளைக் காட்டினான்.

“அவங்க ரெண்டாவதா ஒண்ணு சொல்ல நினைச்சாங்க. முக்கியம்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

அவள் உதட்டசைத்துப் படித்தாள். “முதல் விஷயம் சரி. தையல் டர்ருனு ஓடும், அப்புறம் டக்குனு கத்தி. அந்தச் சத்தத்தை ஒரு நாள் கேட்டிருந்தா அந்த மனுஷன் இப்படி எழுதியிருக்க மாட்டார்.”

“அதைத்தான் சொல்ல வந்திருப்பாங்களோ?”

“இருக்கலாம். ஓட்டைக்கு ரெண்டே பக்கம்னு என்கிட்ட ஒரு வாரம் சண்டை போட்டா, நான்தான் எழுதினேங்கிற மாதிரி. அதுவா இருக்கலாம்.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “எனக்கெப்படித் தெரியும் தம்பி? பக்கத்துல இருந்தது நீதானே.”

அவன் தாளை மடித்தான்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். நூலகப் புத்தகம் என்பதால் அவள் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை, ஒரு முனையைக்கூட மடிக்கவில்லை. மேசைக்கு வந்து தாளைப் பிரித்தான். ‘இன்னொன்று இருக்கிறது’ என்பதோடு நின்றிருந்தது அவன் கையெழுத்து. மிஷின் சத்தத்தைப் பற்றி எழுதலாம் என்று பேனாவைத் தாளில் வைத்தான். எழுதினால் படிப்பவர் நம்பிவிடுவார். பேனாவை எடுத்துவிட்டான். வெகுநேரத்துக்குப் பின் இரண்டு வரி எழுதினான்:

‘அது என்னவென்று அக்கா சொல்லவில்லை. நான் அப்போது உறை வாங்கப் போயிருந்தேன்.’

மனைவி வந்து தோளுக்கு மேலாகப் படித்தாள். விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கடிதத்தைப் பெட்டியில் போட்டான். போட்ட பிறகும் அங்கேயே நின்றான். பக்கத்தில் செய்தித்தாள் விற்கும் பெண் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்னண்ணே, தப்பா எதையாவது போட்டுட்டீங்களா?”

“இல்ல. எப்ப எடுப்பாங்க?”

“பதினோரு மணிக்குத்தான் வருவாங்க. இப்ப ஒன்பதரைதான் ஆகுது. நீங்க போங்க, நான் இங்கதான் இருப்பேன்.”

“பரவாயில்ல” என்றான். வெயில் இன்னும் எட்டாத சுவர் ஓரமாகப் பார்த்து, முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.