பன்னிரண்டு கோட்டுப் பாங்கோ

எங்கள் கல்லூரி விலங்கியல் மியூசியத்தில் ஒரு மர மான் உண்டு. ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் வண்டி அனுப்பித் தானும் போய்வந்த எங்கள் ஊர்ச் சின்னண்ணன், திரும்பும்போது வாங்கிவந்து கொடுத்தது. என்ன மான் என்று கேட்டதற்கு, "காட்டு மானுங்க" என்றார். லேபிளிலும் அப்படியே எழுதி ஒட்டினார்கள். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

ஆயுத பூசைக்கு மியூசியத்தைக் கழுவித் திருநீறு பூச, அரியர் வைத்திருக்கும் பழைய மாணவர்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்களால் மறுக்க முடியாது. நான் பிராக்டிகலில் இரண்டு முறை தோற்றவன். மைக்ராஸ்கோப், தவளை, எலும்புக்கூடு எல்லாவற்றுக்கும் பட்டை போட்டேன். மானுக்கு நெற்றி குறுகல் என்பதால் விலாவில் மேலிருந்து கீழாக இழுத்தேன். மூன்று விரல், பக்கத்துக்கு நான்கு இழுப்பு. போன வருடம் உதிர்ந்து குப்பையானதற்குத் திட்டு விழுந்ததால் இந்த முறை கோந்து கலந்திருந்தேன். குங்குமம் தீர்ந்துவிட்டது. லேபிள் கழுவும்போதே போய்விட்டது.

தீபாவளி கழிந்து காளிதாஸ் சார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். மானைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இனியா, இது பாங்கோடா! பத்துலேர்ந்து பதினஞ்சு வெள்ளைக் கோடு இருக்கும். எண்ணிப் பாரு, பன்னெண்டு!"

"சார், அந்தக் கோடு வந்து..."

"கோடுதான் முக்கியம். பெண் மானுக்கும் கொம்பு இருக்குன்னு ஒரு காலத்துல இதைத் தனிப் பேரினமா வெச்சிருந்தாங்க. இப்ப கூடு, நியாலாங்கற மானுங்களோட சேர்த்துட்டாங்க. டிராஜெலாபஸ் யூரிசெரஸ். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். என் இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது.

பிராக்டிகல் அன்று மேசையில் ஸ்பாட்டர் என்று பத்துப் பொருட்கள். ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு நிமிடம் நின்று பெயரும் அடையாளமும் எழுத வேண்டும். மணி அடித்தால் நகர வேண்டும். தொடக் கூடாது. ஏழாவது, என் மான். திங்கட்கிழமை ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரியில் சூப்பர்வைசராகச் சேர வேண்டும். பாஸாகாவிட்டால் வேறு ஆள் தயார் என்று சொல்லியிருந்தார்கள்.

'பாங்கோ. அடையாளம்: பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள்' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. கோடுகள் நிஜம். மானைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

எங்கள் பேட்ச் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது, மேசை துடைக்க என்னை மட்டும் நிறுத்திவைத்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரஞ்சிதா மேடம், திருச்செங்கோட்டுக்காரர். போண்டா சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வந்து மானைத் தடவினார். மூன்று கோடுகள் அவர் கையோடு போயின. விரலை முகர்ந்தார். அந்த விரல் தன்பாட்டுக்கு அவர் நெற்றிக்குப் போய்த் திரும்பியது.

"ஏஞ்சாமி, இது திருநீறாட்ட இருக்குது?"

காளிதாஸ் சார் என்னைப் பார்த்தார். நான் தவளையைப் பார்த்தேன். அதன் நெற்றியிலும் பட்டை.

"ஆயுத பூசைக்கு நாந்தானுங்க போட்டேன்."

"அப்பக் கோட்டை எடுத்துட்டா இது என்ன மானு?"

"காட்டு மானுங்க."

காளிதாஸ் சார் மானைத் தன் பக்கம் இழுத்தார். "இந்த ஸ்பாட்டரை மாத்திடலாம் மேடம்."

"எப்படிங்க மாத்தறது? விடைக்குறிப்புல நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. மொத பேட்ச் பூராப் பாங்கோன்னு எழுதிட்டுப் போயிருச்சு. அடுத்த பேட்ச் வாசல்ல நிக்குது."

சார் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மிச்சத் திருநீறு எங்கடா?"

"சார், நான் பாஸுங்களா?"

"மொதல்ல கோட்டைப் போடு."

"கோந்து இன்னும் எச்சா ஊத்து சாமி," என்றார் மேடம். "கோடு நிக்கற வரைக்கும் நீ பாஸு."

போனது மூன்று. நான் நான்கு போட்டேன். பதிமூன்றானாலும் பாங்கோதான், விடைக்குறிப்பில் பதினைந்து வரை இடமிருந்தது. வெளியே கதவைத் தட்டினார்கள். கோடு காயும் வரை மானை மின்விசிறிக்குக் கீழே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன். ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் அரை நாள் லீவு கேட்கிறேன். காரணம் கேட்டால், சொந்தக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்கிறேன்.