முட்டைத் தட்டில் இருந்த ஊசி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் முட்டை இருந்து நான் பார்த்ததே இல்லை. நாய்க்குட்டிகளுக்கான ஊசி மருந்துதான் இருக்கும். என் கணவர் பெனினுக்கு வேலை மில்லில், மனசு முழுக்க நாயில். ராஜபாளையத்தில் வெள்ளை நாய் வளர்க்கிற ஆம்பளைகள் எல்லாருமே அப்படித்தான் என்று வேறு சொல்லிக்கொள்வார். குட்டிக்குத் தடுப்பூசி போட டாக்டரைத் தேட மாட்டார். தோலைக் கிள்ளித் தூக்கி, வெடுக்கென்று குத்தி, காதோரம் சொறிந்து விடுவார்.

அந்தத் தைரியத்தில்தான் எனக்கும் அவரே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். குழந்தைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. சினைமுட்டை வளர தினமும் ஒரு ஊசி, வயிற்றில், தோலுக்கு அடியில். முட்டை நன்றாகப் பருத்ததும் அது வெளியே வர கடைசியாக ஒரு ஊசி. அதைச் சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும், அதுவரை குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும், நேரம் தப்பினால் அந்த மாசம் பட்ட பாடெல்லாம் வீண் என்று படம் போட்டு விளக்கினார். "பெட்டை நாய்க்கும் இதே கணக்குதான் டாக்டர்" என்று பெனின் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ராஜபாளையத்தில் டாக்டர் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறார்கள். அவர்கள் கிளினிக் வாசலில் எங்கள் சபைக்காரர்களும் இருக்கிறார்கள். போதாததற்கு என் மாமியார் செல்லக்கனிதான் செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். தங்கமான மனசு. ஆனால் ஜெபம் என்று வந்துவிட்டால் ஒரு விவரத்தையும் விடமாட்டார். சபைப் பொருளாளர் வில்சன் அண்ணாச்சிக்கு எந்த இடத்தில் கட்டி வந்தது என்பது எங்கள் தெருவுக்கே தெரியவந்தது அத்தையின் ஜெபத்தில்தான். என் சினைமுட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று மைக்கில் போவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. அதைவிட, பலிக்காமல் போனால் ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொல்வார்கள். தோற்பதாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் தோற்கலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அதனால் கடைசி ஊசியை முட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "குட்டிகளுக்குப் புது ஊசி அத்தை" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அதைவிட நம்பும்படியான பொய் கிடையாது.

ஊசி போட வேண்டிய நாள். இரவு ஏழரை மணிக்கு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கிருஷ்ணன்கோவில் காலேஜ் லேபில் எனக்கு வேலை. சாயங்காலம் காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தட்டு காலி.

"அத்தை, இங்க இருந்த ஊசி எங்க?"

"காலைல ரத்தினம் வந்தாம்ட்டி. சோழபுரத்துல அவன் குட்டிக்கு ஊசி போடணுமாம். பாவம்னு தூக்கிக் குடுத்துட்டேன்."

ரத்தினம் மாமா அத்தையின் தம்பி. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"ஊசி பத்திரமா இருக்கு தாயி. பைக் டேங்க் கவர்லதான் வச்சிருக்கேன். கம்பவுண்டர் இப்பதான் வாரேன்னிருக்காரு."

"பைக் எங்க மாமா நிக்குது?"

"தோட்டத்துல. காலைல இருந்து இங்கதான் நிக்கி."

அந்த வெயிலில் பருப்பே வெந்திருக்கும். அதை யாருக்கும் போட வேண்டாம் என்று அவரிடம் கத்திவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். "வெயில்ல கெடந்தத நம்பிப் போடாதீங்கம்மா. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு, எடுத்து வைக்கேன். வெரசா வாங்க" என்றார் கடைக்காரர்.

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒரு நாய் ஊசிக்குப் போயி என்னத்துக்கு இந்த ஆட்டம் ஆடுத? நாளைக்கு வாங்கிக்கிட்டாப் போச்சு."

"அது நாய்க்கு இல்ல அத்தை. எனக்கு!"

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. "ஏசப்பா! எந்த நாய்ட்டி கடிச்சுது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரம்மா, தினசரி ஊசி, ஏழரை மணி, எல்லாம். அந்த இடத்திலேயே முழங்கால் போட்டு ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேரே சமையலறைக்குள் போனார். ஐஸ் கட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. காபி பிளாஸ்க்கோடு வந்து நின்றார்.

"வண்டிய எடு."

என் ஸ்கூட்டர் பக்கமே வராத மனுஷி, பின்னால் ஏறி உட்கார்ந்து பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். வழியில் லாரி குறுக்கிட்ட இடத்தில் என் இடுப்பை அவர் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். முன்வரிசையில் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றவர், வேறு யார், வில்சன் அண்ணாச்சி. ராஜபாளையத்தில் கிடைக்காத பிரஷர் மாத்திரையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன செல்லக்கனியம்மா, இம்புட்டுத் தூரம்? யாருக்குச் சொகமில்ல? சொல்லுங்க, ஜெபிப்போம்."

சரியாக அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். போச்சு, முடிந்தது என்று நினைத்தேன். அத்தை சேலை முந்தானையால் பெட்டியை மூடினார்.

"நாய்க்குட்டிக்கு ஊசி அண்ணாச்சி."

"மனுசங்க கடையிலயா?"

"நல்ல ஜாதி நாய்."

அண்ணாச்சி மரியாதையாகத் தலையாட்டினார். ராஜபாளையத்துக்காரர் ஒருவரிடம் அதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும்போது, "பொய் சொல்லிட்டீங்களே அத்தை" என்றேன்.

"அத ஆண்டவர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

வீட்டில் பெனின் கையைக் கழுவிக்கொண்டு தயாராக நின்றார். தண்ணீர்க் குப்பியை உடைத்து, பொடியில் கலந்து, ஊசியில் ஏற்றினார். ஏழரை அடித்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். சுருக்கென்றது, அவ்வளவுதான். பெனினின் கை பழக்கதோஷத்தில் என் காதோரம் போனது.

"ஏலே, அது ஒம் பொண்டாட்டிலே!" என்று அத்தை அந்தக் கையில் ஓர் அடி வைத்தார்.

பெனின் நாய்களுக்குச் சோறு வைக்கப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். அதுவரை ஓடிய ஓட்டத்தில் தெரியாத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

"இதுவும் பலிக்கலேன்னா என்ன செய்ய அத்தை?"

"பலிக்கலேன்னா அழுவோம், வேறென்ன? ஆனா ஒண்ணு. இனிமே கொழாயத் தொறந்து விட்டுட்டு பாத்ரூமுக்குள்ள இருந்து அழாத. மாசாமாசம் செவுத்துக்கு இந்தப் பக்கம் நானும் கேக்காத மாதிரி எம்புட்டு நாளுதான் உக்காந்திருக்க?"

அன்றைக்கு நான் பாத்ரூமுக்குப் போகவில்லை. அத்தையின் முன்னாலேயே அழுதேன்.